பாதிப் பேருக்கு ஓடுது, பாதிப் பேருக்கு ஓடல: பிரவுசர் அப்டேட்டுக்குப் பிறகு எம்பெட்களைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு ட்யூஷன் சென்டர். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்காக அவர்கள் வெப்சைட்டில் ஒரு பயிற்சிக் கருவியை எம்பெட் செய்து, அதாவது வேறு தளத்தில் ஓடுவதை அவர்கள் பக்கத்துக்குள் பதித்துக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் மைக் பட்டனை அமுக்கி ஒரு வாக்கியம் பேசினால், உச்சரிப்பு எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேடத்திடமிருந்து போன்.

"அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சுண்ணா. நான் எதையும் தொடல. இப்ப மைக்கை அமுக்குனா கம்முனு இருக்கு."

"யாருக்குமே ஓடலயாம்மா?"

"பாதிப் பிள்ளைங்களுக்கு ஓடுதுண்ணா. பாதிக்கு இல்ல. அதான் ஒண்ணும் புரியல."

அந்தப் 'பாதி'யைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சர்வர் படுத்தால் எல்லோருக்கும் படுக்கும். நம் கோடில் தப்பு இருந்தால் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். பிரவுசர் அப்டேட் அப்படியில்லை. மெட்ரோ வாட்டர் லாரி மாதிரி ஒரு தெருவுக்கு இன்று வரும், அடுத்த தெருவுக்கு நாளை மறுநாள் வரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, காசிமேட்டு மீன் வியாபாரி, ஒரு பழைய மாணவர் சங்கம், இப்படி. இவர்கள் யாரும் தனியாக டெவலப்பர் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவும், அவர்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: யார் வீடு, யார் போர்ஷன்

ராயபுரம் பக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு ஐஃப்ரேமை, அதாவது எம்பெட் உட்காரும் கட்டத்தை, விளக்கவே வேண்டாம். உங்கள் வெப்பக்கம் முன்போர்ஷன். அதில் பதித்திருக்கும் வீடியோ, மேப், க்விஸ், 360 டிகிரி படம் எல்லாம் பின்போர்ஷனில் குடியிருப்பவர்கள். அவர்கள் சாமான் எல்லாம் வேறு சர்வரிலிருந்து வருகிறது. வாசல் மட்டும் பொது. பிரவுசர்தான் ஹவுஸ் ஓனர். ராத்திரி ரேடியோ சத்தமாக வைக்கலாமா, மாடிக்கு யார் போகலாம், தண்ணீர்த் தொட்டி பொதுவா தனியா என்பதெல்லாம் அவர் முடிவு.

முன்பெல்லாம் ஓனர் தாராளமாக இருந்தார். ஆனால் சில விளம்பரக் கம்பெனிகள் ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பின்போர்ஷனைப் பிடித்துக்கொண்டு, யார் எங்கே போகிறார்கள் என்று குறித்துவைக்க ஆரம்பித்தன. அதன்பிறகு ஓனர்கள் கெடுபிடியாகிவிட்டார்கள். கடந்த பத்து வருஷத்தில் எம்பெட்களை உடைத்த மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்தக் கெடுபிடியில் பிறந்தவை என்பது என் கணிப்பு. மீதி, பழைய தொழில்நுட்பத்துக்கு மூடுவிழா.

அப்டேட் எத்தனை வேகத்தில் வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். குரோம் 2021 செப்டம்பரில், 94-ஆம் பதிப்பிலிருந்து, 6 வார இடைவெளியை 4 வாரமாகக் குறைத்தது. பயர்பாக்ஸுக்கும் 4 வாரக் கணக்குதான். ஐபோனில் சஃபாரியின் இன்ஜின் ஐஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்து வரும். நம்மூர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான். அதனால் "ஐபோன் குரோமிலும் பார்த்துட்டேன்" என்பது இரண்டாவது பரிசோதனையாகக் கணக்கில் வராது.

படி 1: குற்றவாளி யார் என்று பிரித்தெடுங்கள்

கோடைத் திறக்காதீர்கள். முதலில் எம்பெட்டின் முகவரியை மட்டும் எடுத்துத் தனி டேபில் திறந்து பாருங்கள். தனியாக ஓடுகிறது, உங்கள் பக்கத்துக்குள் மட்டும் ஓடவில்லை என்றால் பிரச்சினை போர்ஷன் விதிகளில் இருக்கிறது. தனியாகவும் ஓடவில்லை என்றால் அந்தக் கருவியே படுத்திருக்கலாம். அதைச் செய்தவர்களுக்கு மெயில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அடுத்து, ஓடும் போன் ஒன்று, ஓடாத போன் ஒன்று, இரண்டிலும் பிரவுசரின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் குரோமில் மூன்று புள்ளியை அமுக்கி 'உதவி', அதற்குள் 'குரோம் பற்றி'. போனில் 'அமைப்புகள்' பக்கத்தின் அடியில் இருக்கும். ட்யூஷன் மேடத்திடம் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் வந்த படங்களைப் பார்த்தால், ஓடாதவை எல்லாம் புதுப் பதிப்பு.

எப்போதும் இவ்வளவு சுத்தமாக அமையாது. ஒரே பதிப்பு எண் இருந்தும் ஒரு போனில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. குரோம் சில மாற்றங்களைப் பதிப்போடு கொடுத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைவிலிருந்து ஸ்விட்ச் போடும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மறைநிலை ஜன்னலிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஓடி, சாதாரண ஜன்னலில் ஓடவில்லை என்றால் எக்ஸ்டென்ஷனோ பழைய கேஷோ (பிரவுசர் சேமித்துவைத்த பழைய நகல்) காரணம். நேர்மாறாக, மறைநிலையில் மட்டும் ஓடவில்லை என்றால் குக்கியை (தளம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு) சந்தேகியுங்கள். குரோம் மறைநிலையில் வேற்றுத்தள குக்கிகளைத் தானாகவே தடுக்கும்.

படி 2: சிவப்பு வரியைப் படியுங்கள்

கம்ப்யூட்டரில் எஃப் 12 அமுக்கி 'கன்சோல்' டேபைத் திறங்கள். பலர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். பாதி வேலையை அது சொல்லிவிடும்.

'பெர்மிஷன்ஸ் பாலிசி' என்ற சொல் தெரிந்தால் அனுமதிப் பிரச்சினை. 'ஆடியோ கான்டெக்ஸ்ட் வாஸ் நாட் அலவ்ட் டு ஸ்டார்ட்' என்றால் சத்தப் பிரச்சினை. 'மிக்ஸ்ட் கன்டென்ட்' என்றால் உங்கள் பக்கம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான முகவரி), எம்பெட் இன்னும் பழைய எச்டிடிபி. இதற்குச் சுற்றுவழி கிடையாது. எம்பெட்டின் முகவரியை மாற்றுங்கள், அல்லது அதைத் தூக்குங்கள். 'எக்ஸ் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ்' என்று வந்தால் பிரவுசரைத் திட்டாதீர்கள்: "என்னை யாரும் தங்கள் பக்கத்துக்குள் பதிக்கக் கூடாது" என்று எதிர்த்தரப்பு சர்வரே சொல்லியிருக்கிறது.

போனில் மட்டும் கோளாறு என்றால் போனில் 'யுஎஸ்பி டீபக்கிங்' போட்டு, கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, கம்ப்யூட்டர் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போனின் கன்சோலைப் பார்க்கலாம். முதல்முறை செட் செய்யப் பத்து நிமிஷம் ஆகும். செய்துவைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் உதவும்.

படி 3: வகை தெரிந்ததும் கை வையுங்கள்

*அனுமதி.* மைக், கேமரா, இருப்பிடம் மூன்றும் இதில் அடங்கும். 2018 ஜனவரியில் வந்த குரோம் 64 முதல், வேறு தளத்திலிருந்து வரும் ஐஃப்ரேம் இவற்றைக் கேட்க வேண்டும் என்றால் முன்போர்ஷன்காரரான நீங்கள் முன்கூட்டியே ஒப்புதல் எழுதிக்கொடுக்க வேண்டும். ஐஃப்ரேம் டேகில் (ஐஃப்ரேமைப் பதிக்கும் கோடு வரி) 'அலவ்' என்ற அட்ரிபியூட்டைச் சேர்த்து, அதற்குள் 'மைக்ரோஃபோன்' என்று ஒரு சொல். ஒன்றுக்கு மேல் வேண்டுமானால் இடையில் அரைப்புள்ளி. அது இல்லாவிட்டால் பயனருக்கு "அனுமதிக்கவா?" என்ற பெட்டியே வராது; பட்டன் கம்முனு இருக்கும்.

ட்யூஷன் மேடத்துக்கு நடந்தது இதுதான், தப்பு என்னுடையது. கருவியைத் தந்தவர்களின் கோடில் அந்த அட்ரிபியூட் இருந்திருக்கிறது. நான்தான் "இது எதுக்கு வெட்டியா" என்று ஐஃப்ரேமைச் சுத்தப்படுத்தியபோது தூக்கிவிட்டேன். அப்போது இல்லாமலும் ஓடியது. ஓனர் கெடுபிடி ஆனதும் மாட்டிக்கொண்டேன். திரும்ப ஒட்ட அரை நிமிஷம். ஆனால் அந்த ஞாயிறு வகுப்பு போனது போனதுதான்.

இருப்பிடத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. 2016-இல் குரோம் 50 வந்ததிலிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கம் இருப்பிடத்தைக் கேட்கவே முடியாது.

*சத்தம்.* பயனர் எதையும் தொடாமல் சத்தம் போடக்கூடாது என்பது 2018 ஏப்ரலில் குரோம் 66-இல் வந்த விதி. வீடியோவுக்கு அது நிலைத்துவிட்டது. ஆனால் வெப் ஆடியோவில் (கோடு வழியே சத்தம் எழுப்பும் பிரவுசர் வசதி) ஓடும் விளையாட்டுகள் பல ஊமையாகிவிட, அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பெற்று, டெவலப்பர்களுக்கு அவகாசம் கொடுத்து, டிசம்பரில் குரோம் 71-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பயர்பாக்ஸ் 2019 மார்ச்சில், 66-ஆம் பதிப்பில் இதே வழிக்கு வந்தது.

சரி, என்ன செய்யலாம்? வீடியோ தானாக ஓடியே தீர வேண்டும் என்றால் ஊமையாக ஓடவிடுங்கள். விளையாட்டு, க்விஸ் என்றால் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வைத்து, அந்தத் தொடுதலில் ஆடியோவை எழுப்புங்கள். எம்பெட்டின் கோடு உங்கள் கையில் இல்லையென்றால் 'அலவ்' அட்ரிபியூட்டில் 'ஆட்டோபிளே' சேர்த்தால், உங்கள் பக்கத்தில் பயனர் கொடுத்த தொடுதல் உள்ளே இருப்பவருக்கும் செல்லுபடியாகும். கடை வெப்சைட் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடியாது என்று சொல்ல இந்த விதி எனக்குப் பெரிய துணை.

*ஞாபகம்.* குழப்பம் அதிகம் இங்கேதான், ஏனென்றால் கருவி ஓடும், ஆனால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பிள்ளை க்விஸில் எட்டாவது கேள்விவரை வந்து மூடும். மறுநாள் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். உள்ளே லாகின் செய்தால் உடனே வெளியே தள்ளும்.

நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் புரியும். 2020 பிப்ரவரியில் குரோம் 80, 'சேம்சைட்' (வேற்றுத்தளத்துக்குள் போகலாமா என்று சொல்லும் குறிப்பு) போடாத குக்கிகளை வேற்றுத்தள ஐஃப்ரேமுக்குள் அனுப்புவதை நிறுத்த ஆரம்பித்தது. கொரோனா வந்ததால் ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். அதே 2020 மார்ச்சில் சஃபாரி வேற்றுத்தள குக்கிகளை முழுசாகவே அடைத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி குக்கி ஜாடி என்று பிரித்தது. 2023-இல் குரோம் 115, லோக்கல் ஸ்டோரேஜ் (தளம் பிரவுசரில் தன் சாமானை வைக்கும் இடம்) போன்றவற்றையும் பிரித்தது. வீட்டுக்கு வீடு பொதுத் தொட்டி போய், போர்ஷனுக்குத் தனித் தொட்டி வந்த மாதிரி. அதன்பின் ஒரே க்விஸ் உங்கள் தளத்தில் ஒரு தொட்டி, அடுத்தவர் தளத்தில் இன்னொரு தொட்டி. மாறிய அன்று எம்பெட்டுக்குக் கிடைத்தது காலித் தொட்டி. பழைய மதிப்பெண் அழியவில்லை. எம்பெட்டுக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

குரோம் வேற்றுத்தள குக்கியை முழுக்க ஒழிக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தையே மாற்றிக்கொண்டது. "அப்போ குரோமில் பிரச்சினை இல்லையே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். மறைநிலைக்காரர்களுக்கும் ஐபோன்காரர்களுக்கும் அந்த குக்கி ஏற்கெனவே கிடையாது.

கருவி உங்களுடையது என்றால் குக்கியில் 'சேம்சைட் நன்', கூடவே 'செக்யூர்', அதோடு 'பார்ட்டிஷண்ட்' மூன்றும் போடுங்கள். லாகின் கட்டாயம் என்றால் அதை ஐஃப்ரேமுக்குள் வைக்காதீர்கள். தனி டேபில் திறக்கவிடுங்கள். மாணவர் மதிப்பெண்ணைப் பிரவுசரிடம் கொடுத்துவைப்பதே தப்பு. சஃபாரியில், ஒரு தளத்தைத் தொடாமல் 7 நாள் பிரவுசர் பயன்பாடு ஓடிவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதிவைத்ததெல்லாம் அழிந்துவிடும். சர்வரில் வையுங்கள்; சர்வர் இல்லையென்றால் கடைசிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசிங்கமான தீர்வுதான். ஆனால் எந்த அப்டேட்டும் அதை உடைக்காது.

*டவுன்லோடும் கேள்விப் பெட்டியும்.* 'சாண்ட்பாக்ஸ்' (உள்ளே இருப்பவரின் கையைக் கட்டும் அட்ரிபியூட்) போட்ட ஐஃப்ரேமிலிருந்து டவுன்லோட் ஆகவில்லையா? 2020-இல் குரோம் 83 அதை நிறுத்தியது. சாண்ட்பாக்ஸ் பட்டியலில் 'அலவ் டவுன்லோட்ஸ்' சேர்த்தால் சரியாகும். வேற்றுத்தள ஐஃப்ரேமுக்குள்ளிருந்து "நிச்சயமாகச் சமர்ப்பிக்கவா?" என்று கேட்கும் பழைய பெட்டிகளை 2021 ஜூலையில் குரோம் 92 தடுத்துப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அந்தப் பெட்டியை நம்பி க்விஸ் கட்டாதீர்கள்.

*செத்துப்போனவை.* ஜாவா ஆப்லெட், சில்வர்லைட், பழைய யூனிட்டி வெப் பிளேயர் எல்லாம் என்பிஏபிஐ என்ற பிளகின் வழியில் ஓடியவை. அந்த வழியைக் குரோம் 2015 செப்டம்பரில் மூடியது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷை (அனிமேஷன், விளையாட்டுகளுக்கான பழைய பிளகின்) மட்டும் விட்டுவைத்து மற்றதை மூடியது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுத்தது.

பழைய மாணவர் சங்கத்தின் தளத்தில் ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி ஒரு ஃபிளாஷ் சுற்றுலா இருந்தது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய கதை. தூண்களைத் தொட்டால் குறிப்பு வரும், ஓரத்தில் கரி இன்ஜின் புகைவிட்டபடி போகும். யாரோ ஒரு மாணவர் உட்கார்ந்து செய்தது. ஒருநாள் வெறும் சாம்பல் கட்டம் ஆகிவிட்டது.

அந்த ஃபிளாஷ் கோப்பை (எஸ்டபிள்யூஎஃப்) நல்லவேளையாக யாரும் அழிக்கவில்லை. 'ரஃபிள்' என்று, ஃபிளாஷ் பிளேயர் வேலையைச் செய்யும் ஒரு இலவச எமுலேட்டர் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதி, வெப் அசெம்பிளியாகப் பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. அதன் கோப்புகளைச் சர்வரில் ஏற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வரி சேர்த்ததும் இன்ஜின் மறுபடி புகைவிட்டது. ஃபிளாஷின் மொழியான ஆக்‌ஷன் ஸ்கிரிப்ட்டின் பழைய 1, 2-இல் செய்தவை நன்றாக வரும். 3-இல் செய்தவற்றில் சில தகராறு பண்ணும். பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஃபெட், ஜியோஜீப்ரா, ஸ்கிராச் ஆகிய கற்பித்தல் கருவிகளின் பழைய எம்பெட்களை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலானவை எச்டிஎம்எல் 5-க்கு (பிளகின் வேண்டாத புது வழி) எப்போதோ மாறிவிட்டன. புது எம்பெட் கோடை எடுத்து ஒட்டினால் போதும்.

படி 4: அப்டேட் மேல் பொய்ப்பழி போடாதீர்கள்

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் ஒருநாள், "அப்டேட் வந்ததுலேர்ந்து மேல இருக்குற புடவையெல்லாம் கறுப்பாத் தெரியுது தம்பி" என்றார். ஒரே பக்கத்தில் 24 புடவைக்கு 24 சுழலும் 3டி பெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு வெப்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (பிரவுசரில் 3டி வரைய ஒரு இடம்) எடுக்கும். கம்ப்யூட்டர் குரோம் ஒரே நேரத்தில் 16-க்கு மேல் தாங்காது; பதினேழாவது வந்ததும் முதலாவதைக் கைவிட்டுவிடும். அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வாரம்தான் தீபாவளி ஸ்டாக் ஏற்றியிருந்தார்கள்.

24 பெட்டிகளுக்கும் படம் மட்டும் வைத்து, தொட்டால் மட்டும் அந்த ஒரு பெட்டி லோடு ஆகும்படி மாற்றினேன். இதை எல்லா எம்பெட்டுக்கும் செய்யலாம் என்பது என் கட்சி. பக்கம் சீக்கிரம் திறக்கும், டேட்டா மிச்சம், சத்த விதிக்கு வேண்டிய தொடுதலும் கிடைத்துவிடும். முக்கியமாக, எம்பெட் நாளைக்குச் செத்தாலும் அந்த இடத்தில் ஒரு புடவைப் படமாவது இருக்கும்.

படி 5: அப்டேட்டே வராத மெஷின்கள்

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் விண்டோஸ் 7 இன்னும் உயிரோடு இருக்கிறது. குரோம் 109-தான் அதற்குக் கடைசி. 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. பயர்பாக்ஸ் என்றால் 115. இங்கே பிரச்சினை தலைகீழ்: எம்பெட் புதுசாகிவிடுகிறது, பிரவுசர் பழசாகவே நிற்கிறது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட வரும் பிள்ளை அந்த மெஷினில்தான் உங்கள் பக்கத்தைத் திறக்கும். அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரக் காசு கொடுத்து, உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். நான் போன அன்று, நான் பெருமையாக வைத்திருந்த ஒரு சார்ட் வெறும் வெள்ளைக் கட்டமாக நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு எம்பெட்டுக்கும் கீழே "தெரியவில்லையா? இங்கே தொடுங்கள்" என்று ஒரு நேரடி இணைப்பு வைக்கிறேன்.

படி 6: நோட்டும் பீட்டாவும்

ஒரு கூகுள் ஷீட் போதும். எந்தப் பக்கத்தில், என்ன எம்பெட், யார் தருவது, அதற்கு என்னென்ன அனுமதி வேண்டும், கடைசியாக எந்தத் தேதியில் எந்த போனில் பார்த்தோம். ஐஃப்ரேம் கோடின் ஒரிஜினலையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். என்னைப் போல் "சுத்தப்படுத்த" ஆசைப்பட்டால் திரும்ப எடுக்கலாம்.

அப்புறம், கம்ப்யூட்டரில் குரோம் பீட்டாவை நிறுவுங்கள். சாதாரணக் குரோமுக்குப் பக்கத்திலேயே தனியாக ஓடும். ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே அடுத்த பதிப்பைக் காட்டிவிடும். மாதம் ஒருநாள் அதில் ஷீட்டில் உள்ள பக்கங்களை வரிசையாகத் திறந்து கன்சோலைப் பார்க்கிறேன். சிவப்பு மட்டுமல்ல, மஞ்சள் எச்சரிக்கையையும் படியுங்கள்: "இது விரைவில் நீக்கப்படும்" என்று ஓனர் ஒட்டும் நோட்டீஸ் அது.

பெரிய பராமரிப்புக்கு ஆளுக்கு ஒரு நாள் குறித்திருக்கிறேன். காசிமேட்டு மீன் வியாபாரியின் தளத்தில் காற்றும் அலையும் காட்டும் வரைபட எம்பெட் ஒன்று இருக்கிறது. இருப்பிடம் கேட்கும், அதனால் எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணக்கூடியது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். லாஞ்ச்களைக் கரையேற்றி இன்ஜின் பார்த்து, பெயின்ட் அடித்து, வலையைச் சரிசெய்வது அப்போதுதான். அந்தத் தளத்தைப் பிரித்துப் பார்ப்பதும் அப்போதுதான். ஜூன் 14-ஆம் தேதி மத்தியானம் அவரே வார்ஃபில் நின்றுகொண்டு தன் போனில் வரைபடத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். நீலப் புள்ளி துறைமுகத்துக்குள் இருந்தால் நான் பில் அனுப்புவேன்.